மறுமொழி: 'பார்மசூட்டிகல் கேர்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மருந்தாளுநர் நோயாளியின் மருந்துச் சிகிச்சைக்குப் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்வதை ஆங்கிலத்தில் 'பார்மசூட்டிகல் கேர்' என்கிறார்கள். அதற்கும், அதன் தரம், நோயாளியின் திருப்தி ஆகியவற்றுக்கும் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் வந்த கருத்துகளுக்கு இது என் பதில்.

> 'மருந்துப் பராமரிப்பு' என்றே இருக்கட்டும். நேரான சொல். தரம், திருப்தி இரண்டையும் அதன் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐயா, இந்தச் சொல்லை எங்கள் வார்டில் இரண்டு செவிலியரிடமும் ஒரு நோயாளியின் மகனிடமும் சொல்லிப் பார்த்தேன். மருந்தை ஃப்ரிட்ஜில் வைப்பது, காலாவதி தேதி பார்ப்பது என்றுதான் மூவரும் புரிந்துகொண்டார்கள். தோட்டப் பராமரிப்பு என்றால் தோட்டத்தைப் பராமரிப்பது. அதே போல மருந்துப் பராமரிப்பு மருந்தைப் பராமரிப்பதாகிவிடுகிறது. நமக்கு வேண்டியதோ மருந்தைக் கொண்டு மனிதரைப் பார்த்துக்கொள்வதற்கு ஒரு சொல்.

பார்மசூட்டிகல் கேருக்கு 1990இல் அமெரிக்க மருந்தியல் பேராசிரியர்கள் ஹெப்ளரும் ஸ்ட்ராண்டும் கொடுத்த வரையறைக்கு உயிர் 'பொறுப்பு' என்ற சொல்லில் இருக்கிறது. நோயாளியின் வாழ்க்கைத் தரம் உயரும்படி, குறித்த பயன்களை எட்டுவதற்காக, மருந்துச் சிகிச்சையைப் பொறுப்பேற்று வழங்குவது என்கிறார்கள். மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டுக் கொடுத்ததும் மருந்தாளுநரின் வேலை முடிவதில்லை. அது உள்ளே போய் செய்ய வேண்டியதைச் செய்ததா என்பது வரை அவருக்குப் பங்கு உண்டு.

'மருந்தாளுநர் கவனிப்பு' என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். எளிமையான சொல்தான். ஆனால் 'கொஞ்சம் கவனிச்சுட்டுப் போங்க' என்றால் கையூட்டு என்று ஆகிவிட்ட பிறகு, 'கவனிப்பு எப்படி இருந்தது' என்று நோயாளியிடம் கேட்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் குறள் 950. உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என்று மருத்துவத்துக்கு நான்கு கூறு சொல்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து மூன்றும் தெரிகின்றன. நான்காவது ஆள் யார்? மருந்தைப் பிழையாமல் இயற்றுபவன் என்கிறார் பரிமேலழகர். உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருந்து செய்கிறவன். மருந்தாளுநரின் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் 'மருந்துழை' என்று ஆக்கினால் இன்றைக்கு எல்லாரும் உழைப்பு என்றே படிப்பார்கள். பொருளை எடுத்துக்கொண்டு சொல்லை மாற்றலாம்.

வழித்துணை என்கிறோம், பேச்சுத்துணை என்கிறோம். அந்த வரிசையில் 'மருந்துத்துணை' என்பது என் பரிந்துரை. 'துணை மருந்து' என்பதோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். கூடவே கொடுக்கும் மருந்து துணைமருந்து, மருந்து விஷயத்தில் கூட வருகிற துணை மருந்துத்துணை. வழித்துணையைத் துணைவழி என்று யாரும் மாற்றிப் படிப்பதில்லையே. தரத்துக்கு 'மருந்துத்துணைத் தரம்' என்பதும் இயல்பாகவே வருகிறது.

அடுத்து 'திருப்தி'. தரமும் திருப்தியும் ஒரே அளவுகோல் என்று யாரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இளைப்பு நோயுள்ள ஒரு பாட்டி, வெளியே ஒரு கடையில் மருந்து வாங்கியவர், நோயாளிகளின் திருப்தியை அளக்கும் என் கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டார். "அந்தத் தம்பி தங்கமான புள்ள, காக்க வைக்காம குடுத்துச்சு." எப்படிப் போடுறீங்க, காட்டுங்கம்மா என்றேன். இன்ஹேலரில் போட்டு இழுக்க வேண்டிய கேப்ஸ்யூலை உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் டம்ளரை எடுத்தார். இழுக்கும் கருவி மஞ்சப்பைக்குள் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடந்தது. திருப்தி நூற்றுக்கு நூறு. மருந்து ஒரு நாளும் நுரையீரலுக்குப் போகவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 1993இல் வெளியிட்ட அளவீட்டுக் கையேட்டில் மருந்து கொடுக்க எத்தனை வினாடி ஆகிறது என்பதோடு, நோயாளிக்குச் சரியான அளவு தெரிகிறதா என்பதும் தனிக் குறியீடாக இருக்கிறது. இவை தரத்தின் பக்கம். திருப்தியின் பக்கத்துக்கு லார்சன் முதலிய ஆய்வாளர்கள் 2002இல் செம்மைப்படுத்திய 20 கேள்விகளைத்தான் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கனிவான விளக்கம் ஒரு பிரிவு, சிகிச்சையை நிர்வகிப்பது இன்னொரு பிரிவு. ஆகவே தரம், திருப்தி இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். கட்டுரைகளில் 'நோயாளர் மனநிறைவு' என்று வைத்துக்கொள்வோம். வெறும் 'நிறைவு' என்றால் சிகிச்சை முடிந்தது போலத் தொனிக்கும். கேள்வித்தாளில் மட்டும் திருப்தி இருக்கட்டும், பாட்டிகள் பேசும் சொல் அதுதான்.

> டொனபீடியனின் மூன்று கூறுகள்: கட்டமைப்பு, செய்முறை, விளைவு.

மருத்துவச் சேவையின் தரத்தை அளக்க டொனபீடியன் என்ற அறிஞர் வகுத்த இந்தக் கூறுகளில் முதல் இரண்டும் சரி. மூன்றாவதற்கு 'பயன்' என்று கேட்டுக்கொள்கிறேன். மருந்து பற்றிய பேச்சில் விளைவு என்றாலே பக்கவிளைவுதான் நினைவுக்கு வருகிறது. 'மருந்தின் விளைவு என்ன' என்று கேட்டபோது ஒருவர் வயிற்றெரிச்சலைப் பற்றிப் பத்து நிமிடம் சொன்னார். அவர் சர்க்கரை அளவு இறங்கியிருந்ததைக் கடைசி வரை சொல்லவில்லை.

ஒன்றில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். மருந்தைக் கொடுத்த பிறகு, எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்று நோயாளியையே சொல்லவோ செய்துகாட்டவோ வைக்கிறோமே, 'டீச் பேக்' என்பார்கள், அதற்கு ஒரு பெயர்ச்சொல். 'ஒப்புவித்தல்' எழுதிப் பார்த்தேன், மனப்பாடம் செய்த பிள்ளையை எழுப்பி நிறுத்தியது போல இருக்கிறது. நோயாளிக்குத் தேர்வு வைக்கிறோம் என்று தோன்றவே கூடாது. 'மறுசொல்லல்' உயிரில்லாமல் கிடக்கிறது. 'செய்துகாட்டல்' கருவிகளுக்குப் பொருந்தும், மாத்திரைக்குப் பொருந்தாது. கிராமத்துப் பேச்சில் இதற்கு ஏதாவது சொல் இருந்தால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை கேள்வித்தாள் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்