பழைய தறிச் சட்டங்களைக் கொண்டு குளியலறைக்குத் துண்டு ஏணி செய்வது எப்படி?

சென்னிமலையான்:

வணக்கம். அப்பா நெய்துகொண்டிருந்த குழித்தறியைப் பிரித்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் சட்டங்களில் இரண்டு, ஆறரை அடி நீளமும் மூன்றங்குல அகலமும் ஒன்றரை அங்குலக் கனமும் உள்ளவை, அட்டாலியில் கிடக்கின்றன. தேக்கு என்று அப்பா சொல்கிறார்; அறுத்த முனையைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. இவற்றைக் கால்களாக வைத்து, குளியலறைச் சுவரில் சாய்த்து நிறுத்தும்படி ஆறடி உயர ஏணி ஒன்றைச் செய்து, அதில் துண்டுகளை உலர்த்தலாம் என்று எண்ணுகிறேன்.

எங்கள் குளியலறை ஐந்துக்கு ஏழடிதான். இப்போது கதவின் பின்புறம் உள்ள ஒரே கம்பியில் நான்கு பேரின் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன; ஐப்பசி மழையில் காலையில் போட்ட துண்டு மறுநாள் காலையிலும் ஈரமாகவே, சிக்கு வாடையோடு இருக்கிறது. கையில் ரம்பம், இழைப்புளி, கைத்துளைக் கருவி, இரண்டு கிளாம்ப் உள்ளன. எத்தனை படிகள் வைக்க வேண்டும், அவற்றை ஆணியால் அடித்தால் போதுமா, மேலே எதைப் பூசுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். வீட்டில் நான்கு வயது மகள் இருக்கிறாள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கோபி மரவேலை:

தம்பி, முதலில் அந்தச் சட்டங்களின் மேல் ஒரு காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். தறி மரத்தில் எந்தக் காலத்திலோ அடித்த ஆணிகள் தலை முறிந்து உள்ளேயே கிடக்கும். ஒன்று தட்டுப்பட்டாலும் இழைப்புளித் தகட்டின் முனை போய்விடும். ஆணிகளை எடுத்தபின் நான்கு புறமும் மெல்லிய சீவல் ஒன்று எடுத்துவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் கையின் எண்ணெயும் கஞ்சியும் ஊறிய மேற்பரப்பில் பசை பிடிக்காது.

படிகளுக்கு ஆணி வேண்டாம். இரண்டு கால்களையும் பக்கம் பக்கமாக வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கி, மூலைமட்டம் வைத்து இரண்டின் மேலும் ஒரே கோடாக இழுத்துக் குறித்துக்கொண்டால் படி கோணாது. காலின் கனத்தில் பாதி ஆழத்துக்கு, அதாவது முக்கால் அங்குலத்துக்கு, ஒன்றேகால் அங்குல வட்டத் துளை போடுங்கள். துளையிடும் பிட்டின் மேல் அந்த ஆழத்தில் ஒரு டேப்பைச் சுற்றிவிட்டால் கை தானாக நிற்கும். கால்களுக்கு இடையே பதினெட்டு அங்குலம் வேண்டுமானால், இரு முனைகளும் துளைக்குள் இறங்குவதற்குச் சேர்த்து, படியைப் பத்தொன்பதரை அங்குலத்தில் வெட்ட வேண்டும். முதல் முறை செய்பவர்களில் பாதிப் பேர் இந்த ஒன்றரை அங்குலத்தை மறந்துவிட்டு மீண்டும் மரம் வாங்க வருவார்கள். படிகளைக் கடைசல் பட்டறையில் கொடுத்து உருட்டி வாங்கிக்கொள்ளுங்கள். தேக்கு கிடைக்காவிட்டால் பூவரசு போதும். தென்னை வேண்டாம், அதன் நார்ச் சிம்பு துண்டின் நூலைப் பிடித்து இழுக்கும்.

என் தாத்தா மூங்கில் ஏணி செய்யும்போது படியின் முனைகளை அடுப்பு மேட்டில் சூடான மணலில் இரண்டு நாள் புதைத்து வைத்திருந்து, அதன் பிறகே காலுக்குள் அடித்து இறக்குவார். வறண்ட முனை காலிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு பருத்து, துளையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அட்டாலியில் கிடந்த உங்கள் கால்களில் அவ்வளவு ஈரம் இருக்காது என்றாலும், பச்சை மரத்தில் கடைந்த படியை மட்டும் போட்டுவிடாதீர்கள். சித்திரையில் அது சுருங்கிக் கழன்று சுழலும்.

பசை போடுமுன் வெறுமனே ஒருமுறை பூட்டிப் பாருங்கள். ஃபெவிகால் மரைன் போன்ற நீர் தாங்கும் பசையைத் துளைக்குள் தடவிப் பூட்டியபின், இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து ஒரே அளவு வருகிறதா என்று பார்த்து, அதன் பிறகு இறுக்குங்கள். ஐந்து படிகள் போதும்.

நொய்யல்கரை:

திருப்பூரில் எங்கள் வீட்டில் மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஏணி ஒன்றை நானே செய்தேன். படிகளை வெளியிலிருந்து இரும்புத் திருகாணி போட்டு முடுக்கினேன். மர டிப்போவில் இருந்தவர் சாதாரணத் திருகாணியே போதும் என்று சொன்னதை நம்பியது என் தவறு. இரண்டு மாதத்துக்குள் ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் கருநீல வளையம் படர்ந்து, வெள்ளைத் தேங்காய்ப்பூத் துண்டுகளின் ஓரத்தில் மை தொட்டது போல இறங்கிவிட்டது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மையாவதுதான் இங்கேயும் நடந்தது: மரத்திலுள்ள துவர்ப்பு, இரும்பு, ஈரம் மூன்றும் ஓரிடத்தில் கூடிவிட்டன. எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டதில் பாதிக் கறைதான் போயிற்று. ஆகவே எங்கேனும் திருகாணி போட்டே ஆக வேண்டும் என்றால் பித்தளையோ எவர்சில்வரோ வாங்குங்கள்.

பூச்சைப் பற்றி ஒன்று. ஆளி விதை எண்ணெய் பூசினால் அது முழுதாக இறுகப் பல நாட்கள் ஆகும். அவசரப்பட்டுத் துண்டைப் போட்டால் மஞ்சள் கோடு விழும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் விரித்து வெளியே காயவிட வேண்டும். குளியலறைக்கு நான் இப்போது நிறமில்லாத பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சையே மூன்று கை பூசுகிறேன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் அரப்பும் உள்ள வீட்டில் துடைத்தால் வழுவழுவென்று வந்துவிடும் பூச்சுதான் சரிப்படும்.

ஆனைமலைச் சாரல்:

கோபிக்காரர் சொன்ன இணைப்பு முறையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. படிகளின் எண்ணிக்கையில்தான் உடன்பாடில்லை. முப்பதுக்கு அறுபது துண்டை நீளவாக்கில் இரண்டாக மடித்துப் படியில் போட்டால் இருபுறமும் முப்பது அங்குலம் தொங்கும். ஓரடிக்கு ஒரு படி வைத்தால் மேல்படித் துண்டு கீழே இரண்டு படிகளைக் கடந்து தொங்கும், நீங்கள் இப்போது கதவில் படும் பாட்டையே ஏணியிலும் படுவீர்கள். (மடிக்காமல் விரிக்க 32 அங்குல அகலம் வேண்டும், ஐந்தடி அறையில் அது வழியை மறித்துவிடும்.)

இதைச் சரிசெய்வது சாய்வுதான். ஆறடி ஏணியின் அடி சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்றால், பதினைந்து அங்குலத்துக்கு ஒரு படி என்று வைக்கும்போது, ஒவ்வொரு படியும் தனக்கு மேலுள்ளதைவிட ஏறக்குறைய இரண்டரை அங்குலம் முன்னே நிற்கும். மேல்துண்டு கீழ்ப்படிக்குப் பின்னால் நேராக இறங்கும். நடுவில் காற்று ஓடும். ஆகவே தரையிலிருந்து 21, 36, 51, 66 அங்குலங்களில் நான்கு படிகளை வைத்து, சீக்கிரம் உலரும் ஈரிழைத் துண்டுகளைக் கீழும் தேங்காய்ப்பூத் துண்டுகளை மேலும் போடுங்கள். ஏணியைச் சுவரோடு ஒட்டிச் செங்குத்தாக மாட்டினால் இந்த இடைவெளி முழுவதும் போய்விடும்.

கால் முனையைக் கோணம் கணக்கிட்டு வெட்ட வேண்டாம். குளியலறைத் தரை சலதாரைப் பக்கம் சரிந்திருக்கும், இரண்டு கால்களும் ஒரே அளவாக அமையாது. அதனால்தான் ஆறரை அடிச் சட்டத்தை முன்கூட்டியே ஆறடியாக வெட்டிவிடக் கூடாது. படிகளின் அளவையும் அடியில் மூன்றங்குலம் விட்டே குறியுங்கள். ஏணியை அது நிற்கப்போகும் இடத்திலேயே சாய்த்து, தரையில் ஒரு சிறு மரத்துண்டை வைத்து, அதன் மேல் பென்சிலைப் படுக்கவைத்துக் காலைச் சுற்றிக் கோடிழுத்து, அந்தக் கோட்டில் அறுங்கள். அறுத்த முகம்தான் நீரைக் குடிக்கும் வாய். அங்கே பூச்சை நான்கைந்து முறை ஊற ஊறக் கொடுத்து, பழைய சைக்கிள் டயரின் துண்டை ஒட்டிவிட்டால் வழுக்கவும் செய்யாது, நீரில் நிற்கவும் செய்யாது.

கோபி மரவேலை:

நான்கு படிக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடியில் இருபத்தோரு அங்குலம் பிடிப்பே இல்லாமல் விடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. பத்தங்குலத்தில் இன்னொரு படி போட்டால் கால்கள் விரியாது, கால் துடைக்கும் துணியையும் அதில் போடலாம்.

சென்னிமலையான்:

அனைவருக்கும் நன்றி. அண்ணா, பத்தங்குலத்தில் படி இருந்தால் என் மகள் அதில்தான் முதலில் கால் வைப்பாள். ஆகவே நான்கு படிகளோடு நிறுத்திக்கொள்கிறேன். கால்களின் மேல் முனையில் இரண்டு எவர்சில்வர் எல் பட்டைகளை வைத்துச் சுவரோடு திருகிவிடலாம் என்றிருக்கிறேன். டைல்ஸ் ஏழடி வரை ஒட்டியிருக்கிறது, விரிசல் விடாமல் துளைக்க முடியுமா?

காந்தம் வைத்துப் பார்த்ததில் ஒரே சட்டத்தில் ஒன்பது ஆணிகள் அகப்பட்டன.

ஆனைமலைச் சாரல்:

முடியும். குறித்த இடத்தில் காகித டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. கருவியில் சுத்தியல் விசையை அணைத்துவிட்டு, கண்ணாடி துளைக்கும் பிட்டால் மெதுவாக, நீர் தொட்டுத் தொட்டுத் துளையுங்கள். டைல்ஸ் முழுதும் ஊடுருவியபின் சுவருக்கு மட்டும் சாதாரண பிட்டையும் சுத்தியல் விசையையும் பயன்படுத்தி, நைலான் பிளக்கை டைல்ஸுக்கு உள்ளே, சுவர் வரை தள்ளிவிடுங்கள். டைல்ஸின் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி இருக்கட்டும்.

கோபி மரவேலை:

குழந்தை ஏறும் வீடு என்றால் நீங்கள் செய்வதே சரி. அப்படியானால் மேலும் கீழும் உள்ள படிகளுக்கு மட்டும், பசை காய்ந்த பிறகு, காலின் முன்புறத்திலிருந்து படியின் முனையை ஊடுருவும்படி கால் அங்குலத் துளையிட்டு ஒரு மூங்கில் முளையை அடித்துவிடுங்கள். கால்கள் விரியவும் செய்யாது, பசை விட்டாலும் படி சுழலாது.