காற்றில் சாதுவாக இருக்கும் நைட்ரஜன், உப்பில் ஏன் வெடிக்கிறது?

கேள்வி:
எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். பென்டாசீனியம் பற்றி வகுப்பில் சொன்னார்கள். ஐந்து நைட்ரஜன் அணுக்கள் மட்டுமே சேர்ந்த நேரயனி, 1999-இல் அமெரிக்காவில் கார்ல் கிறிஸ்டே குழுவினர் ஆர்செனிக் ஹெக்ஸாஃபுளோரைடு உப்பாகத் தயாரித்தது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான், அது எதனோடும் லேசில் சேராது. அதே நைட்ரஜன் உப்புக்குள் வந்தால் ஏன் வெடிக்கிறது? புத்தகத்தில் 'நிலையற்றது' என்று ஒரே வார்த்தையோடு விட்டுவிட்டார்கள்.

பதில் 1:
இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் தம்பி. நைட்ரஜன் வாயுவின் மும்மைப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். ஒற்றைப் பிணைப்புக்கு சுமார் 160 போதும், மூன்றைக் கூட்டினாலும் 480-தான் வருகிறது. கார்பனில் இது தலைகீழ், அதனால்தான் அது நீளமாகச் சங்கிலி கட்டுகிறது. நைட்ரஜன் சங்கிலியிலோ பக்கத்துப் பக்கத்து அணுக்களின் தனி எலக்ட்ரான் ஜோடிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. கொஞ்சம் சீண்டினால் போதும், எல்லாம் வாயுவாக மாறி, மிச்ச ஆற்றல் மொத்தமும் ஒரே நொடியில் வெளியே வந்துவிடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் கூட இருக்கும் அயனியையும் பாருங்கள். அந்த ஆர்செனிக் உப்பு அறை வெப்பத்தில் தாங்குவதே கஷ்டம். ஆர்செனிக்குக்குப் பதில் ஆன்டிமனி வந்த உப்பு 70 டிகிரி வரை தாங்கும், தட்டினாலும் சுலபத்தில் வெடிக்காது. மூன்று நைட்ரஜன் அணுக்கள் வரிசையாகச் சேர்ந்த எதிரயனியான அசைடிலும் இதே கதைதான். சோடியம் அசைடு காரின் ஏர்பேக்கில் இருந்தது, லெட் (ஈய) அசைடு வெடியைத் தூண்டும் டெட்டனேட்டரில் இருக்கிறது. சோடியத்தோடு இருக்கும்போது அசைடின் இரண்டு பிணைப்புகளும் ஒரே நீளம். ஈயம் ஒரு முனையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்தச் சமச்சீர் கெட்டு, மறுமுனையில் நைட்ரஜன் மூலக்கூறு பிரியத் தயாராக நிற்கிறது.

பதில் 3:
நான் உயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) புட்டிகளில் கெடாமல் இருக்க சோடியம் அசைடு சேர்ப்பார்கள், லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும். தயவுசெய்து அதை சிங்க்கில் கொட்டாதீர்கள். குழாய் செம்பாகவோ ஈயமாகவோ இருந்தால் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக அந்த உலோகத்தின் அசைடு படியும், பிளம்பர் வந்து ரெஞ்ச் போடும்போது வெடித்த சம்பவங்கள் உண்டு. அமிலக் கழிவோடும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். தனிக் கழிவு புட்டிதான் வழி.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் எங்கள் ஆய்வக ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன், நான்கு புட்டிகளில் சோடியம் அசைடு 0.09 சதவீதம் என்று இருக்கிறது. இத்தனை நாள் காலிப் புட்டிகளை சிங்க்கில்தான் கழுவினோம். நாளைக்கே தனிப் புட்டி வைக்கச் சொல்கிறேன்.