பியோனி அக்கார்ட் 20 நிமிடத்தில் ரோஜாவாகிவிடுகிறது

வீட்டிலேயே பெர்ஃப்யூம் கலந்து பழகுகிறேன், டொராண்டோவில். தோட்டத்தில் சாரா பெர்ன்ஹார்ட் என்ற வகை பியோனிப் பூச்செடி இருக்கிறது. ஜூனில் காலை ஈரத்தோடு முகர்ந்தால் ரோஜாவின் இனிப்பு லேசாக, அதற்கு மேலே வெட்டிய பச்சைத் தண்டும் தண்ணீரும் கலந்த ஒரு குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சிதான் எனக்கு வேண்டும். கடையில் வாங்க பியோனி எண்ணெய் கிடையாது, மணப்பொருள்களைக் கலந்துதான் அந்த வாசனையை, அதாவது அக்கார்டை, உருவாக்க வேண்டும்.

இப்போதைய கலவை, 100 பங்கில்: ஃபினைல்எத்தில் ஆல்கஹால் 35, ஹெடியோன் 30, சிட்ரோனெலால் (citronellol, ரோஜா வாசனை) 18, லினலூல் 10, பியோனைல் 5, பீட்டா அயனோன் 2. ஆல்கஹாலில் 10 சதவீதமாகக் கரைத்து 4 வாரம் இருட்டில் வைத்தேன்.

காகிதப் பட்டையில் முதல் 10 நிமிடம் அருமை, பூவே வந்த மாதிரி. 20 நிமிடம் தாண்டினால் வெறும் ரோஜா. ஒரு மணி நேரத்தில் சோப்பு வாசனை. தோலில் இன்னும் சீக்கிரம் மாறுகிறது.

சிட்ரோனெலாலைப் பாதியாக்கினேன், ரோஜா குறைந்தது, பூவின் உடம்பும் போய்விட்டது. பியோனைலை 10 ஆக்கினால் ஜெரானியம் இலை மாதிரி கரகரப்பு. சிஸ்-3-ஹெக்ஸெனால் துளி சேர்த்தேன், புல் வாசனை ஐந்தே நிமிடத்தில் பறந்துவிட்டது. அப்புறம் ஃப்ளோரலோசோன் 0.5 போட்டுப் பார்த்தேன். அது கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போகிறது, பியோனி அங்கே இல்லை.

இந்த ஈரப் பசுமையை ஒரு மணி நேரமாவது தாங்க வைக்க நீங்கள் எந்தப் பொருளை, எவ்வளவு சேர்ப்பீர்கள்?