ஆல் வீல் டிரைவ் காரில் முன்னும் பின்னும் வெவ்வேறு அகல டயர்கள் பொருத்தலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் ரொறன்ரோவில் வசிக்கிறேன். என்னிடம் 2020ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ 330ஐ எக்ஸ்டிரைவ் (நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ஆல் வீல் டிரைவ் வகை) கார் உள்ளது. நான்கு சக்கரங்களிலும் 225/45 ஆர் 18 அளவு டயர்களே (225 என்பது மி.மீட்டரில் அகலம், 18 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம்) இதுவரை ஓடிவந்தன. கோடைக்காலத்துக்கென்று தனியாக ஒரு தொகுதி வைத்துக்கொள்ளும் ஆசையில், இதே காரின் பின்சக்கர இயக்க வகையை வைத்திருந்த ஒருவரிடமிருந்து 19 அங்குலச் சக்கரங்கள் நான்கைச் சென்ற வாரம் வாங்கினேன். முன்புற ரிம் 8 அங்குல அகலம், அதில் 225/40 ஆர் 19 டயர்; பின்புற ரிம் 8.5 அங்குல அகலம், அதில் 255/40 ஆர் 19 டயர். "இரண்டிலும் 40 என்றுதானே போட்டிருக்கிறது, உயரம் ஒன்றுதான், அகலம் மட்டும்தான் வேறு" என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார். அவருடைய காரில் ஓராண்டு ஓடியும் எந்தக் குறையும் வரவில்லையாம்.

மாட்டுவதற்கு முன்பே என் மைத்துனர் வந்து பார்த்துவிட்டார். ஆல் வீல் டிரைவ் காரில் முன்னும் பின்னும் வேறு வேறு அகலத்தில் டயர் போடவே கூடாது, போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போய்விடும் என்று தடுத்தும் விட்டார். ஆனால் எம்340ஐ எக்ஸ்டிரைவ் கார்கள் நிறுவனத்திலிருந்தே பின்னால் அகலமான டயர்களோடு வருவதை நானே பார்த்திருக்கிறேன். அதுவும் ஆல் வீல் டிரைவ்தானே? அகலம் வேறுபட்டால் உண்மையில் எந்தப் பாகத்துக்கு என்ன ஆகிறது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். சக்கரங்கள் இன்னும் கராஜில்தான் இருக்கின்றன.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. நான் கார் பழுதுபார்க்கும் பட்டறையில் நீண்ட காலமாக வேலை செய்பவன். உங்கள் மைத்துனர் உங்கள் காரைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் அவர் சொன்ன காரணம் சரியன்று. டயரின் அகலம் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஒரு சுற்றில் டயர் எவ்வளவு தூரம் உருள்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

விற்றவர் தவறியது 40 என்ற எண்ணைப் படித்த விதத்தில். அது பக்கச்சுவரின் உயரம் அன்று. அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவர் என்பதைக் குறிக்கும் எண். ஆகவே 225/40 டயரின் பக்கச்சுவர் 90 மி.மீ., 255/40 டயரின் பக்கச்சுவர் 102 மி.மீ. பக்கச்சுவர் மேலும் கீழும் இருப்பதால் அதை இருமடங்காக்கி, 19 அங்குல ரிம்மின் 482.6 மி.மீட்டரோடு கூட்டுங்கள். முன்டயரின் விட்டம் 662.6 மி.மீ., பின்டயரின் விட்டம் 686.6 மி.மீ. என்று வரும். 24 மி.மீ. வேறுபாடு, அதாவது ஏறத்தாழ 3.6 விழுக்காடு. நேர்ச்சாலையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விடச் சுமார் 17 சுற்றுகள் கூடுதலாகச் சுற்றியே தீர வேண்டும்.

நிறுவனம் எம்340ஐ காருக்குக் கொடுப்பது முன்னால் 225/40 ஆர் 19, பின்னால் 255/35 ஆர் 19. இதே கணக்கைப் போட்டால் பின்டயரின் விட்டம் 661.1 மி.மீ. வேறுபாடு வெறும் ஒன்றரை மி.மீ. தான். அகலம் 30 மி.மீ. கூடினாலும் உருளும் தூரம் மாறாதபடி 40ஐ 35 ஆக்கியிருக்கிறார்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததும் உண்மை, அது எக்ஸ்டிரைவுக்குப் பொருந்துவதும் உண்மை.

வேறுபாடு இருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டீர்கள். எக்ஸ்டிரைவில் பின் அச்சு எப்போதும் இயந்திரத்தோடு இணைந்திருக்கும். முன் அச்சுக்கான விசை டிரான்ஸ்ஃபர் கேஸிலுள்ள பல தட்டுக் கிளட்ச் வழியாகப் போகும். ஒரு சிறு மோட்டார் அந்தத் தட்டுகளைத் தேவைக்கேற்ப நெருக்கும், தளர்த்தும். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் சற்று வேகமாகச் சுற்றுவது இயல்பே. அந்த நேரத்தில் தட்டுகள் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். ஆனால் டயர் அளவே வேறாக இருந்தால், நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போதும் அவை ஓயாமல் உராய்ந்துகொண்டே இருக்கும். சக்கரத்தில் 17 சுற்று என்றால், அச்சிலுள்ள டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பின் பல் விகிதத்தால் கிளட்ச் இருக்கும் இடத்தில் அது ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். அந்த உராய்வெல்லாம் வெப்பமாகி எண்ணெயில் இறங்கும்.

இப்படிப்பட்ட டயர் கலவையோடு ஓராண்டு ஓடிய ஒரு கார் எங்கள் பட்டறைக்கு வந்தது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால், சாலையோர அதிர்வுப் பட்டையின் மேல் ஓடுவதுபோல இருக்கையின் அடியில் ஒரு நடுக்கம். காரைத் தூக்கி வடிகால் திருகைக் கழற்றினேன். தேன்போலத் தெளிவாக வடிய வேண்டிய எண்ணெய், கொதித்து ஆறிய டிகாக்ஷன்போலக் கறுப்பாக வந்தது. விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் நைஸான மாவு ஒட்டியதுபோல இருந்தது. அது தட்டுகளின் உராய்வுப் பூச்சு. எண்ணெய் மாற்றி, தேய்மானக் கணக்கை மென்பொருளில் மீண்டும் பதிந்தும் நடுக்கம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. கடைசியில் டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்ற வேண்டியிருந்தது. விற்றவரின் கார் பின்சக்கர இயக்க வகை என்பதால் அவருக்கு இந்தத் தொல்லை வந்திருக்க வழியே இல்லை. அந்தக் காரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இயந்திரத் தொடர்பு கிடையாது.

ரிம்களை வைத்துக்கொள்ளுங்கள், அவை நல்ல அளவு. பின்டயர்களை மட்டும் அப்படியே போடாதீர்கள்.

மறுமொழி 2

முதல் மறுமொழி எழுதியவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒரு திருத்தத்தை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். விட்டங்கள் சமமாக இருக்க வேண்டும் என்பது எல்லா ஆல் வீல் டிரைவ் கார்களுக்கும் பொருந்துகிற விதி அன்று. அந்தக் கார் எந்த விகிதத்துக்கு வடிவமைக்கப்பட்டதோ அந்த விகிதம் மாறக் கூடாது என்பதே விதி.

992 தலைமுறைப் போர்ஷே 911 கரேரா 4 காரில் முன்னால் 235/40 இசட்.ஆர் 19, பின்னால் 295/35 இசட்.ஆர் 20. விட்டங்கள் முறையே 670.6, 714.5 மி.மீ.; 44 மி.மீ. வேறுபாடு! முன் அச்சுக்கு விசை கொடுக்கும் அமைப்பு அந்த விகிதத்தைக் கணக்கில் கொண்டே உருவாக்கப்பட்டது. அந்தக் காரில் சமமான டயர்களைப் போட்டால்தான் கெடுதல். நிசான் ஜி.டி.ஆர் ஆர்35 காரில் 255/40 முன்னால், 285/35 பின்னால், இரண்டுமே 20 அங்குலம். அங்கே வேறுபாடு நாலரை மி.மீ. மட்டுமே.

நான் ஜெர்மனியில் ஆடி ஆர்.எஸ்.3 ஓட்டுகிறேன். அதில் அகலமான டயர் முன்னால் இருக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. முன்னால் 265/30 ஆர் 19, பின்னால் 245/35 ஆர் 19. ஐந்து சிலிண்டர் இயந்திரம் முன் அச்சுக்கு மேலேயும் அதற்கு முன்னாலும் உட்கார்ந்திருப்பதால், வளைவில் மூக்கு வெளிப்பக்கமாக ஓடப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த முன்னால் கூடுதல் ரப்பர் வேண்டும். உங்கள் காரில் 255ஐப் பின்னால் போட்டால் இதற்கு நேர் எதிரானது நடக்கும். பின்புறம் உறுதியாக ஒட்டிக்கொள்ள, முன்புறம் சற்று முன்னதாகவே பிடியை விடும். கடும் வேகத்தில் ஓட்டாதவருக்கு அது தெரியாமலும் போகலாம். தோற்றத்துக்காக அகலத்தைக் கூட்டுபவர்கள் இதையும் அறிந்து முடிவெடுப்பது நல்லது.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. படித்த கையோடு கராஜுக்குப் போய்த் தையல் அளவு நாடாவை டயரின் நடுவில் சுற்றி அளந்தேன். முன்டயர் 207.6 செ.மீ., பின்டயர் 214.9 செ.மீ. கணக்கில் வந்த அதே மூன்றரை விழுக்காடு நாடாவிலும் வந்ததைக் கண்டபோது, விற்றவரின் பேச்சை நம்பி அன்றே மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து உண்மையிலேயே பயந்துவிட்டேன். மைத்துனரிடமும் சொல்லிவிட்டேன்.

பின்னால் 255/35 ஆர் 19 புதிதாக இரண்டு வாங்கலாம் என்று இருக்கிறேன். முன்டயர்களில் டிரெட் (தரையைத் தொடும் வரிப்பள்ள ரப்பர்) இன்னும் 5 மி.மீ. இருக்கிறது. அவற்றையே தொடர்ந்து பயன்படுத்தலாமா, அல்லது நான்கையும் புதிதாக வாங்க வேண்டுமா? குளிர்காலத்தில் என்ன செய்வது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 3

உங்கள் கேள்விக்குச் சுபாரு வைத்திருக்கும் நானும் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எங்கள் கார்களில் நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6 மி.மீட்டருக்குள், ஒத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்துவார்கள். டிரெட் 1 மி.மீ. தேய்ந்தாலே விட்டம் 2 மி.மீ. குறைந்து, சுற்றளவு 6.3 மி.மீ. குறைந்துவிடும். இதனால்தான் ஒரு டயர் கிழிந்தால் நான்கையும் மாற்றும் நிலை வருகிறது, அல்லது புதிய டயரின் டிரெட்டைச் சீவி மற்ற மூன்றுக்கும் சமமாக்கித் தரும் கடையைத் தேட வேண்டியிருக்கிறது. பழைய ஆட்டோமேட்டிக் சுபாருகளில், சிறிய தற்காலிக ஸ்டெப்னியைப் போட்டு ஓட்டும்போது பின் அச்சுக்குப் போகும் விசையைத் துண்டிப்பதற்கென்றே இயந்திர அறையில் ஒரு ஃபியூஸ் இடம் வைத்திருந்தார்கள். ஒரே ஒரு சக்கரம் சிறிதாக இருந்தாலே கிளட்ச் பாழாகும் என்று தெரிந்துதான் அந்த ஏற்பாடு.

உங்கள் காருக்கு இவ்வளவு கறாரான எல்லை இல்லாமல் இருக்கலாம். ஆனால் கணக்கு ஒன்றுதான்: 5 மி.மீ. முன்டயரும் 8 மி.மீ. புதிய பின்டயரும் சேர்ந்தால் விட்டத்தில் 6 மி.மீ. வேறுபாடு தேய்மானத்தால் மட்டுமே உண்டாகும். அகலத்தைப் பற்றி இத்தனை கவலைப்பட்டுவிட்டுத் தேய்மானத்தில் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி 4 (முதல் மறுமொழி எழுதியவர்)

மேலே சொன்னது சரி. நான்கையும் ஒரே நேரத்தில், ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியாக வாங்குங்கள். பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அளவு ஒன்றாக இருந்தாலும், நிறுவனத்துக்கு நிறுவனம் உண்மையான விட்டம் சில மி.மீ. மாறும், தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் ஒரு மைலுக்கு எத்தனை சுற்று என்ற எண் இருக்கும், முன்டயருக்கும் பின்டயருக்கும் அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தே பணம் கொடுங்கள். பக்கச்சுவரில் நட்சத்திரக் குறி உள்ள டயர் என்றால் பி.எம்.டபிள்யூ தன் கார்களுக்கென்று ஏற்றுக்கொண்டது என்று பொருள். எக்ஸ்டிரைவுக்கு அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். 8.5 அங்குல ரிம்முக்கு 255/35 பொருந்தும். அதில் கவலை வேண்டாம்.

இன்னொன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நான்கும் ஒரே அளவாக இருந்தவரை முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றித் தேய்மானத்தைச் சமன் செய்திருப்பீர்கள். இனி அது முடியாது. பின்சக்கரங்கள்தான் விசையில் பெரும்பகுதியைச் சுமப்பதால் அவைதான் முதலில் தேயும். உங்கள் இணையில் புதிதாக இருக்கும்போதே பின்டயர் ஒன்றரை மி.மீ. சிறியது; முன்டயரை விட அது 2 மி.மீ. அதிகம் தேய்ந்துவிட்டால் வேறுபாடு ஐந்தரை மி.மீ. ஆகிவிடும். 18 அங்குல இணையான 225/45, 255/40 என்றால் புதிதில் பின்டயர் ஒன்றரை மி.மீ. பெரியது, தேயத் தேய முதலில் சமநிலைக்கு வந்து, பிறகுதான் விலகும். வாங்கும்போது ஒருவரும் இதைச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், வருடத்துக்கு அதிகத் தூரம் ஓட்டுபவர்கள் நான்கும் ஒரே அளவாக வைத்துக்கொள்வதே பணத்துக்கும் நல்லது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நல்லது.

குளிர்காலத்துக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் 18 அங்குல ரிம்களில் நான்கும் 225/45 ஆகக் குளிர்கால டயர் போடுங்கள். பனியில் அகலமான டயர் மேலே மிதக்கப் பார்க்கும். ஒடுக்கமானது பனியை அறுத்துக்கொண்டு கீழே இறங்கிப் பிடிக்கும். ஒன்ராறியோவில் குளிர்கால டயர் போட்டிருப்பவர்களுக்கு 2016 முதல் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு தர வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு முறை சக்கரம் மாற்றும்போதும் ஆழமானியால் நான்கு டயர்களையும் உட்புறம், நடு, வெளிப்புறம் என்று மூன்று இடங்களில் அளந்து குறித்து வையுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் இடையே 2 மி.மீ. வந்துவிட்டால், பின்டயர்களில் இன்னும் டிரெட் மிச்சம் இருந்தாலும் நான்கையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி ஐயா. என் தினசரி ஓட்டம் போக வர 80 கிலோமீட்டர். அதனால் பின்புற அகல ரிம்கள் இரண்டையும் விற்றுவிட்டு, முன்புறத்தில் இருப்பதுபோன்ற 8 அங்குல ரிம்கள் இன்னும் இரண்டு தேடி, நான்கிலும் 225/40 ஆர் 19 புதிதாகப் போடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ரிம்களை வாங்குபவரிடம் அந்த 255/40 டயர்களின் விட்டத்தையும் எழுதிக் கொடுத்துவிடுவேன்.