மறு: ஏசெக்ஷுவல், ஏரோமாண்டிக் – காமஞ்சாலாவா, காமஞ்சாராவா?

அன்புள்ள குழுவினருக்கு,

நான் கேட்டது ஏசெக்ஷுவல், ஏரோமாண்டிக் ஆகியவற்றுக்குத் தமிழில் இரண்டு சொல். வந்து சேர்ந்தவை பதினொன்று. எல்லாவற்றையும் என் கைப்பிரதியில் ஒவ்வொன்றாகப் போட்டு, உரக்கப் படித்துப் பார்த்தேன். அதனால்தான் இந்த மடல் இவ்வளவு தாமதம், இவ்வளவு நீளம்.

இழையில் புதிதாக நுழைந்தவர்களுக்காக: நான் தமிழாக்கிக்கொண்டிருப்பது ஓர் இளையோர் நாவல். கதையைச் சொல்பவள் பதினாறு வயதுப் பெண். அவளுக்கு யார்மீதும் காம ஈர்ப்பு தோன்றுவதில்லை, காதலும் தோன்றுவதில்லை. மூலத்தில் முன்னதற்கு ஏசெக்ஷுவல், பின்னதற்கு ஏரோமாண்டிக். அவளுடைய தோழியோ முன்னது மட்டும்தான். அவள் காதலில் விழுவாள், கடிதம் எழுதுவாள், அழுவாள். உடல் நாட்டம் மட்டும் இருக்காது. 'நாம் இரண்டு பேரும் ஒன்று' என்று நினைத்திருந்த இருவரும் தாங்கள் ஒன்றல்ல என்று கண்டுகொள்ளும் அத்தியாயம்தான் நாவலின் உயிர். இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டால் அந்த அத்தியாயம் செத்தது.

> பாலிலி என்று முடித்துவிடலாமே. சின்னச் சொல். பாடநூலிலேயே இருக்கிறது.

தம்பி, பாடநூலில் இருப்பதுதான் வில்லங்கம். 'பாலிலா இனப்பெருக்கம்' படித்த பிள்ளைக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் அமீபா இரண்டாகப் பிளப்பதும் ஹைட்ரா மொட்டு விடுவதும்தான் நினைவுக்கு வரும். போகட்டும், அதைச் சிரித்துக் கடந்துவிடலாம். கடக்க முடியாதது வேறொன்று. ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று பழகிய காதுக்குப் பாலிலி என்றால் 'ஆணென்றும் பெண்ணென்றும் தன்னை வகுத்துக்கொள்ளாதவர்' என்றுதான் பொருள்படும். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சொல் வேண்டும். அவர்கள் வீட்டுச் சொல்லை எடுத்து இவர்கள் வாசலில் மாட்ட வேண்டாம்.

> காமக்குறைவு அல்லது நாட்டக்குறைவு. மருத்துவத்தில் கிட்டத்தட்ட இதுதான்.

டாக்டர், அது நோயின் பெயர். நோய்ப்பெயர் பட்டியல் போடுகிறவர்களே இதைப் பிரித்துவிட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல் ஐந்தாம் பதிப்பாக வந்தபோது, தன்னை ஏசெக்ஷுவல் என்று அடையாளம் காண்பவருக்கு நாட்டக்குறைவு நோய் என்று முத்திரை குத்தக் கூடாது என்று எழுதிவிட்டது. 'குறைவு' என்ற சொல்லை நாம் எடுத்தால் அவர்கள் மூடிய கதவை நாம் திறந்ததாகும்.

> நூற்றில் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். அதற்கு ஒரு கலைச்சொல்லா?

நூற்றில் ஒருவர் என்று வேடிக்கையாகச் சொன்னீர்கள். 2004இல் அந்தோனி போகார்ட் என்ற உளவியலாளர், பிரிட்டனில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் எடுத்த கணக்கெடுப்பை ஆராய்ந்து, 'யார்மீதும் காம ஈர்ப்பு தோன்றியதில்லை' என்றவர்கள் ஏறத்தாழ 1% என்றுதான் எழுதினார். அவருக்கு முன்பு 1948இல் பாலியல் ஆய்வாளர் கின்சி ஆண்களை, எதிர்பால் நாட்டம் முதல் தன்பால் நாட்டம் வரை, பூச்சியத்திலிருந்து ஆறுவரை அளவுகோலில் வரிசைப்படுத்தியபோது, அதில் அடங்காத இவர்களை எக்ஸ் என்ற எழுத்தில் ஒதுக்கிவைத்தார். பெயர் இல்லாமல் ஓர் எழுத்து. 2001இல் டேவிட் ஜே என்பவர் இவர்களுக்காக 'ஏவென்' என்ற இணையதளத்தைத் தொடங்கிய பிறகுதான் அந்த எழுத்துக்குள் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளத் தொடங்கினார்கள். சொல் கிடைத்ததால்தான் கூட்டம் கிடைத்தது. கூட்டம் பெருகட்டும், அப்புறம் சொல் தருகிறோம் என்பது தலைகீழ்.

> பாலீர்ப்பின்மை. தன்பாலீர்ப்பு ஊன்றிவிட்டது, அதே வரிசை.

ஒரு வாரம் நானும் இந்தக் கட்சியில்தான் இருந்தேன். பிறகு தன்பாலீர்ப்பைப் பிரித்துப் பார்த்தேன். தன்பால் + ஈர்ப்பு. தன் + பாலீர்ப்பு அல்ல. அதாவது அங்கே 'பால்' என்பது யார்மீது ஈர்ப்பு என்பதைச் சொல்கிறது. என்ன வகை ஈர்ப்பு, உடலுக்கா மனத்துக்கா என்று அந்தச் சொல் வாயே திறப்பதில்லை. ஆகவே பாலீர்ப்பின்மை என்றால் 'எந்தப் பாலார்மீதும் எந்த ஈர்ப்பும் இல்லை'. என் கதைசொல்லிக்குப் பொருந்தும். தோழி தெருவில் நிற்பாள்.

இன்னொரு கசப்பும் உண்டு. 'இன்மை' தமிழில் வெறும் எதிர்மறை விகுதி மட்டுமன்று, தனியாக நின்றால் அதற்கு வறுமை என்றே பொருள். 'இன்மையின் இன்னாதது யாதெனின்' என்று நல்குரவு அதிகாரம் தொடங்குகிறதே, அந்த இன்மைதான். ஒரு பெண்ணின் இயல்பைச் சொல்ல வந்த சொல் அவளை ஏழையாக்கிவிட்டுப் போகக் கூடாது. (ஆலிஸ் ஓஸ்மன் 2020இல் எழுதிய நாவலுக்கு 'லவ்லெஸ்' என்று பெயர் வைத்தாரே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். அது தலைப்பு. ஊரார் வீசுகிற சொல்லைத் தானே எடுத்துச் சூடிக்கொள்ளும் துணிச்சல் நாவலாசிரியருக்கு உண்டு. அகராதிக்கு இல்லை.)

> இன்மை வேண்டாமென்றால் அன்மை. அல்பாலீர்ப்பு என்க.

புலவர் ஐயா, இன்மைக்கும் அன்மைக்கும் நீங்கள் போட்ட கோடு இந்த இழையிலேயே எனக்குக் கிடைத்த பெரிய லாபம். 'இல்லை' என்பது வேறு, 'அது அல்ல' என்பது வேறு. ஆனால் 'அல்' ஒட்டிக்கொண்ட புகழ்பெற்ற சொல் நம்மிடம் எது? அஃறிணை. இந்த வகை மாந்தரைக் கதைகளில் ரோபோவாக, வேற்றுக்கிரகவாசியாக, நெஞ்சில் ஈரமில்லாத கொலைகாரனாக மட்டுமே காட்டிவந்த வழக்கம் இருக்கும்போது அந்த எதிரொலி எனக்குக் கூசுகிறது. சந்தியில் புணர்த்தி எழுதினால் 'அற்பாலீர்ப்பு' என்றாகி, 'அற்ப'த்தில் கண் தடுக்குகிறது. நன்னூல் உறழ்ச்சிக்கு, அதாவது திரித்தும் திரிக்காமலும் எழுத, இடம் தருகிறது, தெரியும். ஆனால் அச்சுத் திருத்துபவர் நன்னூலைக் கேட்டுக்கொண்டா திருத்துகிறார்? 'அல்காமம்', 'அல்காதல்' என்றும் முயன்றேன். அல்ஜீப்ரா மாதிரி ஒலித்தது.

பிரம்மச்சரியம், துறவு, நோன்பு ஆகியவற்றை முன்மொழிந்தவர்களுக்கு ஒரே பதில். அவை ஒருவர் எடுக்கும் முடிவு. ஷானன் மெக்வைரின் 2016ஆம் ஆண்டுக் குறுநாவலில் நான்சி என்ற பெண் இதே வேறுபாட்டைத்தான் சொல்கிறாள்: விலகியிருப்பது தேர்வு, தன்னுடையது தேர்வல்ல.

இனி என் பங்கு. காமம் என்ற சொல்லுக்குத் திரும்புவோம் என்கிறேன். வள்ளுவரின் காமத்துப்பாலில் அந்தச் சொல் ஏக்கம், ஊடல், கனவு, கூடல் அத்தனையையும் சுமந்தது. பிற்காலத் தமிழ் அதை இரண்டாக உடைத்தது: உடலுக்குக் காமம், உள்ளத்துக்குக் காதல். ஒரு பழைய சொல் சிறுத்துப்போனதற்காக நாம் வருந்தலாம். ஆனால் ஆங்கிலத்தில் இரண்டு கிரேக்க லத்தீன் ஒட்டுகளைப் போட்டு விளக்க வேண்டியிருக்கும் வேறுபாட்டை இன்று தமிழ் பேசும் பதினாறு வயதுப் பிள்ளை 'இது காமம், அது காதல்' என்று இரண்டே சொல்லில் சொல்லிவிடுகிறது. கையிலேயே வைத்துக்கொண்டு ஏன் 'பாலீர்ப்பு' பின்னால் ஓட வேண்டும்?

அப்படியானால் எதிர்மறை எது? தொல்காப்பியத்தைப் புரட்டினேன். ஒருதலைக் காதலைச் சொல்லும் கைக்கிளைச் சூத்திரம் கண்ணில் பட்டது: 'காமஞ்சாலா இளமையோள்வயின்'. ஒரு நிமிடம் துள்ளிவிட்டேன். காமஞ்சாலா! இரண்டாயிரம் ஆண்டுப் பழமையோடு சொல் ரெடி. பிறகு பொருளைப் பார்த்துத் துள்ளல் அடங்கியது. சாலா என்றால் நிரம்பாத, முற்றாத. காமம் இன்னும் முதிராத சிறுமி என்கிறார். இன்னும். என் கதைசொல்லி இருநூற்றுச் சொச்சம் பக்கம் போராடுவதே அந்த 'இன்னும்' என்ற ஒரு சொல்லோடுதான். 'உனக்கு இன்னும் வயசு வரல', 'இன்னும் சரியான ஆள் கிடைக்கல', 'பாரு, இன்னும் ரெண்டு வருஷம் போனா'. இளையோர் புனைவில் இதுவே பெரிய பொறி. முதல் முத்தத்தை வளர்ச்சியின் அளவுகோலாக வைத்துவிட்டால், முத்தம் வேண்டாதவள் கடைசிப் பக்கத்திலும் குழந்தைதான். 2016இல் ஆர்ச்சி காமிக்ஸ் தன் படக்கதைப் பாத்திரமான ஜக்ஹெட்டை ஏசெக்ஷுவல் என்று வெளிப்படையாகச் சொன்னது. அடுத்த ஆண்டு வந்த தொலைக்காட்சித் தொடர் அவனுக்குக் காதலியைக் கொடுத்தது. அந்தத் தொடருக்குக் காமஞ்சாலா பொருத்தமான சொல். நமக்கு ஆகாது.

ஆனால் ஓர் எழுத்தை மாற்றிப் பாருங்கள்.

காமஞ்சாரா.

அணிசாரா நாடுகள், முறைசாராக் கல்வி, அரசுசாரா நிறுவனம். இந்தச் 'சாரா' வாழும் எதிர்மறை. அரசுசாரா நிறுவனத்தை யாரும் அரசு இல்லாத ஏழை நிறுவனம் என்று நினைப்பதில்லை. நாளைக்கு அரசு வந்து சேரும் என்று காத்திருப்பதுமில்லை. அதன் இயக்கம் அதைச் சார்ந்ததில்லை, அவ்வளவுதான். காமஞ்சாரா, காதல்சாரா. ஆளைக் குறிக்கக் காமஞ்சாரார், காதல்சாரார். மறுபக்கம் இருப்பவர்களைச் 'சாதாரணமானவர்கள்' என்று சொல்லித் தொலைக்காமல் காமஞ்சார்ந்தோர் என்று நிறுத்தவும் இடமிருக்கிறது.

அடித்துத் துவையுங்கள்.

* * *

அம்மா,

துவைக்கச் சொன்னீர்கள். முதலில் அல்பாலீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அஃறிணை நினைவுக்கு வரும் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

காமஞ்சாரா: புணர்ச்சியில் குற்றமில்லை. காதல்சாரா: 'காதற்சாரா' ஆக்க வேண்டியதில்லை, முறைசாராவைப் போல இயல்பாக நிற்கட்டும்.

ஆனால் ஆட்பெயரில் பெரிய பள்ளம் இருக்கிறது. 'ஒரு சாரார் இப்படிச் சொல்வர், மற்றொரு சாரார் அப்படிச் சொல்வர்' என்று எழுதுகிறோமே, அந்தச் சாரார் எதிர்மறையன்று. பக்கத்தைச் சேர்ந்தவர் என்ற உடன்பாட்டுப் பொருள். 'காமஞ்சாரார் கருத்து' என்று ஒரு கட்டுரையில் வந்தால் காமக் கட்சிக்காரர் கருத்து என்று படிப்பான். நேர் எதிர்! ஆகவே சாராதோர், சாராதவர் என்று நீட்டி எழுதுங்கள். ஓர் அசை கூடினாலும் பொருள் கவிழாது.

இன்னொன்று. சார்பு என்றால் ஆதரவு, பற்று என்றும் பொருள். 'காதல்சாரா' என்றதும் காதலை எதிர்ப்பவர், காதல் கதை படித்தால் முகம் சுளிப்பவர் என்று ஒருவர் நினைக்கக்கூடும். காதல் பாட்டைக் கேட்டு உருகுகிற காதல்சாராதவர் இருக்க மாட்டாரா? இதற்கு என்னிடம் விடை இல்லை. கேள்வியாக வைக்கிறேன்.

கடைசியாக, கலைச்சொல் கலைச்சொல்லாக இருக்கட்டும். பதினாறு வயதுப் பிள்ளை தன் தோழியிடம் 'நான் காமஞ்சாராதவள்' என்று பேசுமா? என் பேத்தி பேச மாட்டாள்.

* * *

ஐயா,

'சாரார்' என்னைக் காப்பாற்றியது. கைப்பிரதியில் மாற்றிவிட்டேன்.

பற்று என்ற பொருள் இடறத்தான் செய்யும். கதையிலேயே அவள் காதல் நாவல்களை மூட்டை கட்டிப் படிக்கிறவள். அந்தக் குழப்பத்தைச் சொல்லிடம் விடாமல் அவள் வாயாலேயே தீர்க்கப் பார்க்கிறேன். சொல் முழுவதையும் சுமக்க வேண்டாம், கதையும் கொஞ்சம் சுமக்கட்டும்.

பேச்சு பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை. உரையாடலில் 'ஏஸ்', 'ஏரோ' என்று ஆங்கிலச் சுருக்கமாகவே விட்டிருக்கிறேன். பிள்ளைகள் அப்படித்தான் பேசுவார்கள். மூலத்தில் ஏஸ் என்பதைச் சீட்டுக்கட்டின் ஏசோடு சேர்த்து ஒரு சிலேடை வருகிறது. சீட்டாடுகிறவர்கள் சொல்லும் 'ஆஸ்' என்பதைப் போட்டால் சிலேடை நிற்கும் என்று தோன்றியது. ஆனால் அதைத் தமிழ்ப்படுத்தி 'ஆசு' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. ஆசு என்றால் குற்றம். இத்தனை நாள் இந்த இழையில் எதைத் துரத்தினோமோ அதுவே பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்திருந்தது. ஏஸ் ஏஸாகவே இருக்கட்டும்.

காமஞ்சாரா வருவது ஒரே ஓர் இடத்தில், நூலகத்தில் அவள் தனியாக உட்கார்ந்து படிக்கும்போது. இப்போதைக்கு அந்த வரி இப்படி நிற்கிறது:

'சாரா. சாய்ந்துகொள்ளாத. நான் எதன்மீதும் சாய்ந்துகொள்ளாமல்தான் இவ்வளவு நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.'

மூலத்தில் இந்த வரி இல்லை. ஆசிரியரிடம் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.

அடுத்த சிக்கலையும் இங்கேயே போட்டுவிடுகிறேன், புது இழை தொடங்க வேண்டாம். பதினேழாம் அத்தியாயத்தில் ஒரு பையன் வருகிறான். நெடுநாள் பழகி, மனம் நன்றாகப் பிணைந்த பிறகு மட்டுமே அவனுக்குக் காம ஈர்ப்பு தோன்றும். மூலத்தில் டெமிசெக்ஷுவல். 'அரை' என்ற முன்னொட்டு மட்டும் வேண்டாம், அரைவேக்காடு நினைவுக்கு வருகிறது. 'பிணைப்பின்வழி' என்று ஏதாவது கட்ட முடியுமா?