உவர்க் கிணறு, கல் நிலம்: கீரைத் தோட்டம் எப்பிடித் தொடங்கிறது?

வேலணை மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். கலியாணம் முடிச்சு யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில வேலணைக்கு வந்திருக்கிறன். பிறந்து வளர்ந்தது கோப்பாய். அங்க செம்மண், எதை ஊண்டினாலும் வரும். இஞ்ச வளவில ஒரு முழம் தோண்ட முதலே அலவாங்கு கல்லில இடிக்குது. கிணத்துத் தண்ணி மாரியில பரவாயில்லை, பங்குனி சித்திரையில வாயில வைக்கேலாது. "இஞ்ச கீரை வராது பிள்ளை, சந்தையில வாங்குவம்" எண்டு மாமி சொல்லுறா. எனக்குத் தக்காளி, கத்தரி எல்லாம் வேண்டாம். கிழமையில நாலைஞ்சு நாள் ஒரு கறிக்குக் கீரை வந்தால் காணும். யூடியூப்பில சாக்குத் தோட்டம், பானை புதைக்கிறது, மண்ணில்லாமல் குழாய்க்குள்ள தண்ணியில வளர்க்கிறது எண்டு ஆயிரம் காட்டுகினம். எங்கட தண்ணிக்கும் மண்ணுக்கும் எது சரிவரும்? வேலியும் பழுது, கட்டாக்காலி ஆடு வேற வரும். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

சரவணை ரீச்சர்:
பிள்ளை, மாமி சொல்லுறது பாதி சரி. பாத்தி கட்டி முளைக்கீரை விதைச்சு, கோடையில வாளியால அள்ளி ஊத்தினால் தீவுப்பகுதியில அது கருகித்தான் போகும். ஆனா கீரை எண்டால் முளைக்கீரை மட்டுமே? நான் உங்களுக்குப் பக்கத்து ஊர், சரவணை. எங்கட வீட்டில கீரை காசுக்கு வாங்கிறது அருமை.

முதல் வேலை வேலி. உங்கட கீரைத் தோட்டம் அதுதான். சண்டி, முருங்கை, அகத்தி மூண்டும் ஒருக்கா வேர் பிடிச்சால் தண்ணி கேளாது. சண்டி கடற்கரை மண்ணுக்குப் பழகின மரம், உப்புக்காத்துக்கும் அசையாது. புரட்டாதிக் கடைசியில கைமொத்தத்தில சண்டித் தடியும் முருங்கைத் தடியும் வெட்டி, ரெண்டொரு நாள் நிழலில வாட விட்டு ஊண்டுங்கோ. ஐப்பசி மழையோட துளிர்க்கும். அகத்தியை விதையாப் போடுங்கோ. தடி ஆள் உயரம் இருக்கட்டும், அப்ப துளிர் ஆட்டுக்கு எட்டாது. ஆனா அதுக்கு மேல வளர விடாதேங்கோ, வெட்ட வெட்டத்தான் இளசா இலை வரும். அந்த வேலியில முசுட்டைக் கொடியை ஏத்தி விடுங்கோ. மாரியில சும்மா பிச்சுக்கொண்டு வரும். சண்டியிலையைச் சுருட்டி, நூல் மாதிரி மெல்லிசா அரிஞ்சு, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ போட்டு வறை வறுத்தால் மாமியே அடுத்த நாளும் கேப்பா.

2021இல இரசாயன உர இறக்குமதியை நிப்பாட்டி, 2022இல சாமான் எல்லாம் யானை விலை போய், வீட்டுத்தோட்டம் செய்யுங்கோ எண்டு அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவும் குடுத்தாங்களே, அந்த நேரம் எங்கட ஒழுங்கை முழுக்கச் சாப்பிட்டது இந்த வேலியைத்தான்.

ரெண்டாவது மண். கல்லோட மல்லுக்கட்டாதேங்கோ. கீழ தோண்டாமல் மேல ஏத்துங்கோ. பொறுக்கின கல்லையே வட்டமா அடுக்கி, அடியில தேங்காய்ப் பொச்சுமட்டை, அதுக்கு மேல காஞ்ச பனை ஓலை, பிறகு பூவரசங்குழை, கிளிசரியாக் குழை, ஆட்டெரு, எல்லாத்துக்கும் மேல ஒரு சாண் மண். பொச்சுமட்டையில இயற்கையாவே உப்பு இருக்கு, அதால மழையில நல்லா ஊறினதை எடுங்கோ. பனை ஓலை உக்க வருசக்கணக்காகும், அதுவரைக்கும் அடியில ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். புகையிலைத் தோட்டத்துக்கு ஓலை தாட்டவை எங்கட ஆக்கள். இது புதுசா ஆரும் கண்டுபிடிச்ச வித்தை இல்லை. இன்னொண்டு, சுண்ணாம்புக்கல் நிலத்தில நரம்பு பச்சையா நிக்க இலை மஞ்சளாகும். அது பெரும்பாலும் இரும்புச்சத்து எடுக்கேலாமல் வாறது. மருந்துக் கடைக்கு ஓடாதேங்கோ, குழையும் எருவும் கூடப் போடுங்கோ.

இனித்தான் முட்டி. பூச்சு இல்லாத மண் முட்டியைக் கழுத்துவரை தாட்டு, தண்ணி நிரப்பி, வாயைச் சிரட்டையால மூடுங்கோ. மூடாட்டி நுளம்பு பெருகும், டெங்கு வந்த ஊர் இது. தண்ணி மண்ணுக்குள்ளால மெல்லக் கசியும். முட்டியைச் சுத்தி ஒரு சாணுக்குள்ள பசளி, பொன்னாங்காணி வையுங்கோ, வேர் தானா முட்டியைத் தேடி வந்து ஒட்டும். கொஞ்சம் சவரான தண்ணியையும் இந்த முறை தாங்கும். ஏனெண்டால் வேரடி ஒரு நாளும் காயாது, உப்பு ஈரத்தின்ர ஓரத்துக்குத் தள்ளுப்படும், மாரி மழை அதைக் கழுவிப்போடும்.

ஆனா யூடியூப்காரர் சொல்லாத ஒண்டு இருக்கு. எங்கட தண்ணி கல்லுத் தண்ணி. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியுதே, அதேதான் முட்டியிலயும் படிஞ்சு துவாரத்தை அடைக்கும். முட்டி நிரப்பினபடியே கிடந்து, சுத்திவர மண் காஞ்சிருந்தால் அடைச்சுப்போச்சு எண்டு விளங்கிக் கொள்ளுங்கோ. கிளப்பி, பழப்புளி கரைச்ச தண்ணியில ஒரு இரவு ஊறவிட்டு, பொச்சால உரஞ்சினால் திரும்பக் கசியும்.

கடைசியா ஒரு மன்றாட்டம். யூரியா எறியாதேங்கோ. வலிகாமத்துக் கிணறுகளில நைத்திரேற்று ஏறினதுக்குத் தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் பெரிய காரணம். குடிதண்ணியில லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. போடுறது கல்லு வெடிப்புக்குள்ளால நேரா கிணத்துக்குத்தான் போகும், மிச்சத்தைக் கீரை தன்ர இலையில சேர்த்து வைக்கும். மோட்டரும் வேண்டாம். தீவில நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல ஒரு மெல்லிய படையாத்தான் மிதக்குது. விசையா இழுத்தால் அடியில கிடக்கிற உப்பு மேல ஏறிவிடும். கையால அள்ளி வாருங்கோ, முட்டிக்கு அது காணும்.

நெடுந்தீவான்:
ரீச்சர் சொன்ன கல்லு வட்டத்தோட ஒண்டு சேர்க்கிறன். ஆபிரிக்காவில லெசோத்தோ எண்ட நாட்டில சாவித்துவாரம் மாதிரி ஒரு தோட்டம் கட்டுகினம். ரெண்டு மீற்றர் அகல வட்டம், இடுப்பளவு உயரம், ஒரு பக்கத்தால நடுவுக்குப் போக வழி. நடுவில ஓலைக் கூடு. குசினிக் கழிவும் அரிசி கழுவின தண்ணியும் அந்தக் கூட்டுக்குள்ள போக, சுத்திவர உள்ள மண்ணுக்கு உரமும் ஈரமும் கிடைக்கும். கல்லுக்குக் குறைவில்லாத எங்கட இடத்துக்கெண்டே செய்த மாதிரி. ஆட்டுக்கு நெடுந்தீவு வழக்கந்தான் மருந்து: சாந்தில்லாமல் கல்லடுக்கி வேலி. வேலை கூட, ஆனா கறையான் தின்னாது.

தும்பளையான்:
அக்கா, குழாய்க்குள்ள வளர்க்கிற முறையை விடுங்கோ. உவரும் கல்லும் உள்ள தண்ணிக்கு அது சரிவராது, கறண்டும் வேணும். அந்தக் காசுக்குக் கூரை ஓரத்தில மழைத்தண்ணி பிடிக்கிற பீலி அடிச்சு, ஒரு தாங்கி வையுங்கோ. யாழ்ப்பாணத்தில வருசத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீற்றர் மழை, அதில கூடப் பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை. ஒரு சதுர மீற்றர் கூரையில ஒரு மில்லிமீற்றர் பெய்தால் ஒரு லீற்றர். 50 சதுர மீற்றர் கூரை எண்டால் நீங்களே கணக்குப் பாருங்கோ. கோடைக்கு முழுக்கக் காணாது, ஆனா கிணறு உவர்க்கிற மாதத்தில கிணத்துத் தண்ணியோட பாதிக்குப் பாதி கலக்கலாம். சாக்குத் தோட்டம் செய்யலாம், வெயில் படாத பக்கத்தில வைச்சால். இல்லாட்டி சாக்கு வெடிச்சுத் துண்டு துண்டாக் கொட்டும், அந்தப் பிளாஸ்ரிக்கை மண்ணில இருந்து பொறுக்கேலாது.

வேலணை மருமகள்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. ரீச்சர், வல்லாரை வைக்கலாமே? அதில்லாமல் எனக்குச் சம்பல் இறங்காது. கடற்கரைப் பக்கம் தடிச்ச இலையோட படருதே, வங்கரவள்ளை, அதைச் சாப்பிடலாம் எண்டு ஒரு ஆச்சி சொன்னா, மெய்யே?

சரவணை ரீச்சர்:
மெய்தான் பிள்ளை. வங்கரவள்ளையை அவிச்சு, அந்தத் தண்ணியை வடிச்சு ஊத்திப்போட்டுச் சமையுங்கோ, கறிக்கு உப்புப் போடாதேங்கோ, அதுவே கரிக்கும். கழிவுநீர் ஓடுற கரையில பிடுங்க வேண்டாம்.

வல்லாரை உவர் தாங்காது. மழைத்தண்ணி சேர்த்தால் மட்டும் வையுங்கோ, மாமரத்து நிழலில, அகலமான சட்டியில. அரிசி, பருப்பு கழுவின தண்ணியே அதுக்குக் காணும். சவர்க்காரத் தண்ணி கிட்டவும் வேண்டாம்.

சண்டித் தடி என்னட்ட தாராளமா நிக்குது. புரட்டாதிக் கடைசியில ஒரு காலமை வாங்கோ. கத்தியைத் தீட்டிக் கொண்டு வாங்கோ, மொட்டைக் கத்தியால வெட்டினால் தடி நுனி நசிஞ்சு, மழைக்கு அழுகிப்போகும்.