கிளி போல வளைந்த மூக்குள்ள கிளிமூக்கு சேவல்களின் அழகுக் கண்காட்சி: அதில் உங்களுக்கு இன்னும் ஆறாத சம்பவம் எது?

தக்கலை:
ஆனி மாசம், திருநெல்வேலிப் பக்கம் காட்சி. மயில் நிறத்தில் விசிறிவால் சேவல், இரண்டு வருஷ வளர்ப்பு. ஆரல்வாய்மொழியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். அங்கே காற்றாலைக் காத்தாடி சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காற்றைச் சொல்ல வேண்டாம். மச்சான் பின்கதவைத் திறந்தான், பிடி நழுவியது, படீரென்று அடைத்தது. வால் நசுங்காமல் இருக்கட்டும் என்று பெட்டிக்கு வெளியே நீட்டி வைத்திருந்தேன். சேவல் கத்தவே இல்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நீளமான இரண்டு இறகும் நடுத்தண்டில் ஒடிந்து தொங்கின. மூக்கு, கண், பட்டாணிக் கொண்டை எல்லாம் இருந்தும் நடுவர் வாலைப் பார்த்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விட்டார். "இறகுதானே அத்தான், முளைக்கும்" என்கிறான் மச்சான்.

திங்கள்சந்தை:
உங்களுக்கு இறகோடு போச்சு. நான் பரிசோடு திரும்பி, சேவலை நேரே பழைய கூட்டில் விட்டேன். ஆறாம் நாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். அடுத்த நாள் காலையில் என் கீரி நிறப் பெட்டைக்கோழி கழுத்து திருகி, வானத்தைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்பது உருப்படி போச்சு. முட்டை நின்றுவிடும் என்று வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டவன் நான்தான்.

குலசேகரம்:
திங்கள்சந்தைக்காரரே, முட்டைக்குப் பயந்து ஊசி போடாமல் விடுகிற ஆட்களால்தான் ஊர் முழுக்க வெள்ளைக்கழிச்சல் வருகிறது. குஞ்சுக்கு 7ஆம் நாள் லசோட்டா தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, 8ஆம் வாரம் ஆர்2பி தடுப்பூசி. காட்சிக்குப் போய் வந்ததை மூன்று வாரம் தனியாக வையுங்கள். வீட்டுக் கோழிக்கு முதலில் தீனி, வந்ததற்குக் கடைசியில். செருப்பும் வேறு. அப்புறம் தக்கலைக்காரருக்கு: தண்டு ஒடிந்த இறகு, அடுத்த இறகு உதிர்ப்பு வரை அப்படியேதான் நிற்கும். அடிக்கட்டையைப் பிடுங்கினால் புதுசு வரும், ஆனால் இளந்தண்டில் ரத்தம் ஓடும், அது முறிந்தால் நிற்காமல் ஒழுகும். எங்கள் பக்கம் ரப்பர்த் தோட்ட ஈரம், மழையும் இரண்டு பருவம், அதனால் குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் சீக்கிரம் வரும். தரையில் போட்ட உமியைத் தினமும் கிளறி விடுங்கள். என் கதை சின்னது. என் பூவன் சேவல் நடுவர் விரலைக் கொத்திவிட்டது. வெளியே அனுப்பிவிட்டார்கள்.

தக்கலை:
அண்ணே, நான் வைத்தியம் கேட்கவில்லை. பிடுங்கவும் மனசு வரவில்லை. ஒடிந்த துண்டு இரண்டும் மச்சான் வண்டி டேஷ்போர்டில்தான் கிடக்கிறது. அவன் எடுப்பதாக இல்லை, நானும் கேட்பதாக இல்லை.